அந்தக் கருவி யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், செல்களை வரிசையாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் பற்றி எழுதியிருந்தேன். பதினான்கு வருடம் பெங்களூரில் ஒரு பொதுக் கருவிக்கூடத்தில் அந்த இயந்திரத்தோடுதான் வேலை பார்த்தேன். வந்த கடிதங்களில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. அது எங்களுக்குக் கிடைக்குமா, யாரைக் கேட்பது, வாங்கியதை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அதைப் பற்றிப் பேசத்தான் ஆசை. எனவே இந்த மாதம் முழுக்க அதுதான்.

கேள்வி: மூலிகைச் சாறு புற்றுநோய் செல்களை எப்படி அழிக்கிறது என்று பிஎச்.டி. செய்கிறேன். கட்டுரையைப் படித்த ரிவ்யூவர் ஃப்ளோ சைட்டோமெட்ரி முடிவுகள் வேண்டும் என்கிறார். எங்கள் கல்லூரியில் கருவி இல்லை. வாங்குவதற்கே ஒரு ப்ராஜெக்ட் எழுதலாம் என்கிறார் கைடு. வேறு வழி உண்டா?
*— ஆய்வு மாணவர், திருநெல்வேலி*

வாங்க வேண்டாம். உங்கள் கைடு நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனாலும் வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படுவது அநேகமாக இரண்டே சோதனைகள். செல் வளர்ச்சியில் எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று பார்க்கும் செல் சைக்கிள் சோதனை ஒன்று, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறதா என்று பார்க்கும் அனெக்சின் சோதனை இன்னொன்று. மூன்று முறை திருப்பிச் செய்தாலும் ஐந்தாறு நாளில் முடிந்துவிடும். அதற்காக ஒரு கோடியைத் தொடும் கருவியை வாங்கி மற்ற நாளெல்லாம் உறை போட்டு மூடி வைப்பதா?

இந்த மாதிரித் தேவைக்காகத்தான் பொதுக் கருவிக்கூடங்கள் இருக்கின்றன. கோர் ஃபெசிலிட்டி என்பார்கள், சில பல்கலைக்கழகங்களில் சென்ட்ரல் இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று பலகை தொங்கும். விலை உயர்ந்த கருவிகளை ஓரிடத்தில் வைத்து, அதை இயக்கத் தெரிந்தவர்களையும் கூடவே வைத்து, வெளியாட்களுக்கும் கட்டணத்துக்குத் திறந்துவிடும் ஏற்பாடு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே மண்டலக் கருவி மையங்கள் என்று இதைத் தொடங்கிவிட்டது. அவைதான் இன்றைய 'சைஃப்' மையங்கள், சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஒன்று இருக்கிறது. உயிரியலுக்கென்றே 2009-ல் உயிரித் தொழில்நுட்பத் துறை பெங்களூரில் 'சி-கேம்ப்' என்ற அமைப்பை உருவாக்கியது. ஃப்ளோ சைட்டோமெட்ரி, மரபணு வரிசையாக்கம், மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். 2020 ஜனவரியில் பெங்களூரில் நடந்த அறிவியல் மாநாட்டில் 'ஐ-ஸ்டெம்' என்ற இணையதளத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். அரசுப் பணத்தில் வாங்கிய கருவி எந்த ஊரில் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று அதில் தேடலாம், ஸ்லாட்டும் கேட்கலாம். மதுரை, திருச்சி, கோவை என்று பக்கத்து ஊர்களின் பெயரைப் போட்டு முதலில் தேடுங்கள். சென்னைக்கே போக வேண்டும் என்பதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் இரண்டு சோதனைக்கும் கிளம்புகிற விதம் ஒன்றல்ல. செல் சைக்கிள் சாம்பிளை உங்கள் கல்லூரியிலேயே குளிர்ந்த 70 சதவீத எத்தனாலில் பதப்படுத்தி மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிட்டால் சில வாரங்கள்கூடத் தாங்கும், ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம். அனெக்சின் அப்படியில்லை. சாயம் ஏற்றிய ஒரு மணி நேரத்துக்குள் கருவியில் ஓட்டியாக வேண்டும். ஊரில் சாயம் ஏற்றிக்கொண்டு இரவு ரயிலைப் பிடித்து வந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த டேட்டாவில் எல்லா செல்லும் செத்துக் கிடக்கும், மருந்து கொன்றதா ரயில் கொன்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, செல் வளர்ப்புக் குடுவையைக் கழுத்துவரை, செல்லுக்கான ஊட்டத் திரவமான மீடியத்தை ஊற்றி நிரப்பி, மூடியை இறுக்கி, பாராஃபிலிம் சுற்றி உயிரோடு எடுத்துப் போங்கள். அங்கே இன்குபேட்டரில் ஒருநாள் இளைப்பாறவிட்டு அங்கேயே மருந்து கொடுத்து அங்கேயே சாயம் ஏற்றுங்கள். வெளிச் செல்களை உள்ளே விடுவார்களா, வளர்ப்பு அறையில் இடம் தருவார்களா என்று புக்கிங்குக்கு முன்னாடியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மெயில் போதாது, பேசுங்கள். கருவியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பத்து நிமிடம் பேசினால் ஒரு மாத வேலை மிச்சமாகும்.

கேள்வி: அதே சாம்பிள், அதே கருவி. செவ்வாய்க்கிழமை 40 சதவீதம் என்று வந்தது, அடுத்த வாரம் 22 என்கிறது. கருவிக்கூடத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். எப்படிக் கேட்பது?
*— ஆய்வு மாணவி, கோவை*

தயங்காமல் கேளுங்கள். நல்ல கருவிக்கூடம் தினமும் காலையில் தரப்படுத்தப்பட்ட நுண்மணிகளை, அதாவது பீட்ஸை, கருவியில் ஓட்டிப் பார்த்து, லேசர் நேற்று எப்படி இருந்தது இன்று எப்படி இருக்கிறது என்று வரைபடம் வைத்திருக்கும். 'அந்த இரண்டு நாளின் பீட்ஸ் ரிப்போர்ட்டைப் பார்க்கலாமா?' என்று கேட்பது புகார் ஆகாது. காட்ட மறுத்தால் அந்த இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

என் அனுபவம் ஒன்று இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் சிவப்பு லேசர் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கருவி 'பாஸ்' என்றுதான் காட்டியது, நானும் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன், வரைபடத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து என்னோடு வேலை பார்த்த ஓர் இளம்பெண்தான் கோடு சரிந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். அந்த இரண்டு வாரத்தில் வந்துபோன பதினோரு பேருக்கும் போன் செய்து, 'உங்கள் டேட்டாவில் இந்த நிறத்தை நம்ப வேண்டாம், திரும்ப வாருங்கள், கட்டணம் கிடையாது' என்று சொன்னேன். ஒருவர் நன்றாகத் திட்டினார். திட்ட அவருக்கு உரிமை இருந்தது. அன்றிலிருந்து எங்கள் அறையில் அந்த வரைபடம் யாரும் பார்க்கும்படி கதவிலேயே ஒட்டப்பட்டது.

ஆனால் கருவியைச் சந்தேகப்படுகிற அளவுக்கு உங்கள் செல்களையும் சந்தேகப்படுங்கள். சாயமே ஏற்றாத குழாய், ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியே ஏற்றிய குழாய்கள், செத்த செல்லைப் பிரித்துக் காட்டும் சாயம் என்று இவையெல்லாம் இரண்டு நாளும் இருந்தனவா? செல்களை 40 மைக்ரான் வலையில் வடிகட்டினீர்களா? இன்னொன்று மைக்கோபிளாஸ்மா. இந்த நுண்கிருமி செல் வளர்ப்பில் புகுந்தால் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது, மீடியமும் கலங்காது, செல்லின் நடவடிக்கை மட்டும் மாறிவிடும். கூடவே, உங்கள் குடுவையில் இருப்பது நீங்கள் நினைக்கிற செல்தானா என்பதும் உண்டு. 1966-ல் அமெரிக்க மரபியலாளர் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு பெயரில் வெவ்வேறு ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருந்த 18 மனித செல் வரிசைகளைச் சோதித்து, அத்தனையிலும் ஹீலா செல்கள் புகுந்திருப்பதற்கான அடையாளத்தைக் காட்டினார். 1951-ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா அத்தனை வேகமாகப் பரவக்கூடியது. அதற்குப் பின்னும் இந்தத் தொல்லை ஓயவில்லை. பக்கத்து லேபில் கேட்டு வாங்கிய செல் என்றால், புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற செல் வங்கியிலிருந்து புதிதாக வாங்கி ஒருமுறை செய்து பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் ஒவ்வொரு விஞ்ஞானிக்கும் தனித்தனிக் கருவி இருக்குமாமே? நாம்தான் ஏழைகள் மாதிரிப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதா?
*— வாசகர், புதுச்சேரி*

இல்லை, பெரிய வேலை நடந்த இடங்களில் பங்கு போட்டுத்தான் நடந்திருக்கிறது. நமக்குத் தெரிந்தவரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது, செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக. அவருடைய ஆய்வகம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்தது. ஆனால் ரைபோசோம் படிகத்தை ஊடுருவிப் படம் எடுக்கிற அளவு வலிமையான எக்ஸ்-கதிர் எந்தத் தனி ஆய்வகத்திலும் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு எடுக்கும் கதிர் அது, சின்குரோட்ரான் என்பார்கள். படிகங்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, சிகாகோ பக்கத்தில் ஆர்கான் தேசிய ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒதுக்கிய நேரத்துக்குள் இரவு பகலாக அளந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அடுத்த குழு கதவுக்கு வெளியே காத்திருக்கும். அந்த வகைக் கருவிகளில் நம் நாட்டுக்கும் ஒன்று உண்டு, இந்தூரில் உள்ள இன்டஸ்-2. அதிலும் புரதப் படிகங்களுக்கென்று தனிக் கதிர்த்தடம் இருக்கிறது.

ஃப்ளோ சைட்டோமீட்டரும் அப்படித்தான். செல்களைச் சாயத்தின் ஒளியை வைத்துத் தரம் பிரிக்கும் கருவியை ஸ்டான்ஃபோர்டில் லியோனார்ட் ஹெர்சன்பெர்க் குழு 1960களின் கடைசியில் உருவாக்கியது. அவர் நோயெதிர்ப்பு மரபியல்காரர். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மாக் ஃபுல்வைலர் என்ற பொறியாளர் 1965-ல் செய்த கருவியின் திட்டத்தை வாங்கிவந்து, அதன்மேல் ஒளிரும் சாயத்தையும் பின்னால் லேசரையும் சேர்த்தார். ஃபுல்வைலரோ துளிகளைப் பிரிக்கும் வித்தையை இங்க்ஜெட் அச்சுக் கருவியிலிருந்து எடுத்திருந்தார். இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த கருவியை ஒருவர் பூட்டிவைப்பது எனக்கு எப்போதுமே வருத்தமாக இருக்கும்.

எலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1929-ல் தொடங்கிய ஜாக்சன் ஆய்வகம் ஒரே மரபணு வரிசை கொண்ட எலிகளை வளர்த்து மற்ற ஆய்வகங்களுக்குக் கொடுத்துவந்தது. 1947 அக்டோபரில் காட்டுத்தீ வந்து கட்டடமும் எலிகளும் அநேகமாக முழுக்க அழிந்தன. அவர்களிடம் முன்பு எலி வாங்கியிருந்த ஆய்வாளர்கள் பல இடங்களிலிருந்து அதே வரிசை எலிகளைத் திருப்பி அனுப்பினார்கள், அதை வைத்து அந்த இடம் மறுபடி எழுந்தது. பிறருக்குக் கொடுத்து வைத்திருந்ததால்தான் அந்த வரிசைகள் தப்பின.

கேள்வி: எங்கள் துறையில் மானியம் கிடைத்து செல்லின் உள்ளடுக்குகளை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாகப் படமெடுக்கும் ஒரு கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் வாங்கினோம். வாரண்டி முடிந்ததிலிருந்து பாதி நாள் ஓடுவதில்லை. வாங்கிக் கொடுத்த பேராசிரியரும் ஓய்வு பெற்றுவிட்டார். இதை எல்லோருக்கும் பயன்படும்படி நடத்த ஆசை. எங்கே தொடங்குவது?
*— உதவிப் பேராசிரியர், மதுரை*

சார், இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதே நிலையில் எத்தனை கருவிகளைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

முதலில் ஆள். கருவி வாங்க லட்சங்களும் கோடிகளும் கொடுக்கும் திட்டங்கள் அதை ஓட்டுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பதில் கையைச் சுருக்கிக்கொள்கின்றன. ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒரு பையனை எடுப்பார்கள், அவன் கற்றுக்கொண்டு கை தேறும்போது ஒப்பந்தம் முடியும், அடுத்தவன் முதலிலிருந்து தொடங்குவான். கருவி கெடுவது இந்த இடைவெளியில்தான். ஒரே ஆள் குறைந்தது மூன்று வருடமாவது இருக்கும்படி பதவி கேளுங்கள். கிடைக்கும்வரை உங்கள் ஆய்வு மாணவர்களில் இரண்டு பேரைப் பொறுப்பாளர்களாக்குங்கள், ஒருவர் போதாது, ஒருவர் ஊருக்குப் போனால் சாவியும் கூடவே போய்விடும்.

இரண்டாவது பராமரிப்பு ஒப்பந்தம். ஏ.எம்.சி.க்கு ஆண்டுதோறும் கருவி விலையில் ஏழெட்டு சதவீதம்கூடக் கேட்பார்கள். வாங்கும்போதே ஐந்து வருடத்துக்குப் பேசி விலையோடு சேர்த்துவிடுவது நல்லது, உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அறிவியல் கருவிகள்மேல் இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகையையும் 2022 ஜூலையில் எடுத்துவிட்டார்கள், அது பெரும்பாலும் 18 சதவீதமானது. இறக்குமதி உதிரிபாகம் நம்பி இருக்கும் சிறிய துறைகளுக்கு அது பெரிய அடி, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பழுதுபார்ப்பதற்கென்றே அறிவியல் தொழில்நுட்பத் துறை 'சுப்ரீம்' என்ற திட்டம் அறிவித்தது. அதன் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள், கருவியைப் பிறருக்கும் திறந்துவிடுவோம் என்று எழுத்தில் சொல்லக்கூடிய துறைக்கு அங்கே வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அறை. மதுரை வெயிலில் ஏசியைச் சாயங்காலம் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் இரவில் லென்ஸில் ஈரம் படியும், ஈரம் படிந்த இடத்தில் பூஞ்சை வரும். பூஞ்சை பிடித்த ஆப்ஜெக்டிவ் லென்ஸ் அநேகமாகத் திரும்பி வராது. ஈரப்பதம் குறைக்கும் கருவி ஒன்று வாங்குங்கள், ஒரு லென்ஸின் விலையில் அது எங்கேயோ கடைசியில் வரும். யூ.பி.எஸ். பேட்டரியை யாராவது வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்கட்டும். ஆயில் லென்ஸைத் துடைக்காமல் எழுந்து போகிறவருக்கு அடுத்த ஸ்லாட் கிடையாது என்று எழுதி ஒட்டுங்கள். கடுமையாகத் தெரியும், ஆனால் எங்கள் கூடத்தில் கருவிகள் பிழைத்தது அப்படித்தான்.

லாக் புக்கைக் காகிதத்திலேயே வையுங்கள். யார், எத்தனை மணிக்கு, எந்த லேசர், என்ன தொல்லை என்று எழுதச் சொல்லுங்கள். சர்வீஸ் என்ஜினியர் வரும்போது முதலில் கேட்பது அதைத்தான், நாளைக்கு மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது 'எங்கள் கருவியை இத்தனை பேர் பயன்படுத்தினார்கள்' என்று காட்டுவதற்கும் அதுதான் சாட்சி. கட்டணப் பணம் பல்கலைக்கழகப் பொதுக் கணக்கில் போய்க் கலந்துவிடாமல் கருவிக்கென்று தனித் தலைப்பில் வர அனுமதி வாங்குங்கள். இதற்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும், நடங்கள். பல்ப் போய்விட்டது, வாங்கச் சொல்லி இன்டென்ட் போட்டிருக்கிறோம் என்று நான்கு மாதம் கருவி சும்மா கிடப்பது இந்த ஒரு அனுமதி இல்லாததால்தான்.

இத்தனையும் ஆனதும் ஐ-ஸ்டெமில் பதிவு செய்யுங்கள். பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் வரட்டும். வெளியாட்கள் வந்தால் கருவி கெட்டுவிடும் என்று உங்கள் துறையிலேயே சிலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை, ஓடாமல் நின்ற கருவிதான் முதலில் கெட்டிருக்கிறது.

கேள்வி: அரசு நிறுவனம், அரசுப் பணத்தில் வாங்கிய கருவி. அப்புறம் மாணவர்களிடம் எதற்குக் கட்டணம்?
*— முதுகலை மாணவர், திருச்சி*

கருவியை ஓட்டும்போது திரவம் செலவாகிறது, பீட்ஸ் செலவாகிறது, லேசரின் ஆயுள் குறைகிறது. வாங்குவதற்குத் தந்த மானியம் இதையெல்லாம் தருவதில்லை. அதனால் பெரும்பாலான இடங்களில் மூன்று விலை வைத்திருப்பார்கள்: உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று, வெளிக் கல்லூரிகளுக்கு ஒன்று, நிறுவனங்களுக்கு அதைவிட அதிகம். முழுக்க இலவசமாக விட்டுப் பார்த்தோம், ஸ்லாட் போட்டுவிட்டு வராமல் போகிறவர்கள் கூடினார்கள், உண்மையில் வேண்டியவருக்கு இடம் கிடைக்கவில்லை.

உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. உதவித்தொகை இல்லாமல் படிக்கிற மாணவருக்கு நூறு ரூபாய்கூடப் பெரிது. மாதம் இரண்டு அரைநாளாவது சிறிய ஊர்க் கல்லூரிகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்று நான் வேலை பார்த்த இடத்தில் கேட்டு வாங்கினேன். எல்லாக் கருவிக்கூடங்களும் அப்படிச் செய்யலாம். கைடிடம் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி. ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் கருவிக்கூட வேலை கிடைத்திருக்கிறது. 'லேப் டெக்னீஷியன் ஆவதற்கா இவ்வளவு படிக்கவைத்தாய்' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பிஎச்.டி. போகச் சொல்லட்டுமா?
*— ஒரு தாய், சேலம்*

அம்மா, உங்கள் மகளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று முதலில் அவளிடம் கேளுங்கள். பிடித்திருந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

சொந்தக்காரர்களிடம் கொய்ச்சி தனாகாவைப் பற்றிச் சொல்லுங்கள். ஜப்பானில் கியோத்தோ நகரத்தில் கருவிகள் தயாரிக்கும் ஷிமாட்சு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர், முனைவர் பட்டம் வாங்காதவர். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை உடையாமல் எடை பார்க்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் உலோகத் தூளோடு வேறொரு திரவத்துக்குப் பதில் கிளிசரினைத் தவறுதலாகக் கலந்துவிட்டார், கலந்ததை வீணாக்க மனமில்லாமல் கருவியில் வைத்துப் பார்த்தார், அது வேலை செய்தது. 2002-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். நான் எல்லோருக்கும் நோபல் வரும் என்று சொல்லவில்லை. கருவியோடு தினமும் இருப்பவருடைய கைக்கும் கண்ணுக்கும் தெரிகிற விஷயங்கள், வாரம் ஒருமுறை வந்து டேட்டா வாங்கிப்போகும் பெரிய விஞ்ஞானிக்குத் தெரிவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த வேலையில் என்ன நடக்கும் தெரியுமா? காலையில் ஒருவர் காசநோய் பற்றிய கேள்வியோடு வருவார், மதியம் இன்னொருவர் மீன் முட்டையோடு வருவார், சாயங்காலம் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் எலும்பு மஜ்ஜை சாம்பிளோடு நிற்பார். ஒரே வருடத்தில் இத்தனை வகை அறிவியலைத் தொடுகிற வாய்ப்பு பிஎச்.டி. மாணவருக்குக்கூடக் கிடைக்காது. இவர்கள் எல்லோருக்கும் சோதனையைத் திட்டமிடவும் எண்களைப் புரிந்துகொள்ளவும் உதவுவது உங்கள் மகளாகத்தான் இருப்பாள்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இந்தப் பதவிகள் பெரும்பாலும் ப்ராஜெக்ட் ஒப்பந்தம். பதவி உயர்வுக்குப் படி கிடையாது, பல இடங்களில் நல்ல மரியாதையும் கிடையாது. எத்தனை வருட ஒப்பந்தம், எந்தக் கருவியில் பயிற்சி, தயாரிப்பாளர் நடத்தும் பயிற்சிக்கும் சைட்டோமெட்ரி சங்கத்தின் பயிலரங்குக்கும் அனுப்புவார்களா என்று சேரும்முன் அவள் கேட்கட்டும். இரண்டு மூன்று வருடம் கருவியை ஆழமாகக் கற்றவர்களுக்கு மருத்துவமனைகளிலும் மருந்து நிறுவனங்களிலும் கருவி நிறுவனங்களிலும் இடம் உண்டு. பிஎச்.டி. அப்புறமும் செய்யலாம், அப்போது என்ன கேள்வி கேட்பது என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: கருவிக்கூடத்துக்குக் கட்டணம் கட்டித்தான் டேட்டா வாங்கினோம். கட்டுரையில் அவர்கள் பெயரையும் ஆசிரியராகப் போட வேண்டுமா?
*— பெயர் வேண்டாம், வேலூர்*

கட்டணம் கட்டியதும் ஆசிரியர் உரிமையும் வேறு வேறு. வழக்கமான சோதனையை வழக்கம்போல ஓட்டிக் கொடுத்தார்கள் என்றால் நன்றிப் பகுதியில் கருவிக்கூடத்தின் பெயரைப் போடுங்கள், அதை மறக்கவே கூடாது, அவர்களுக்கு அடுத்த மானியம் வருவதே அதைக் காட்டித்தான். ஆனால் எந்தச் சாயங்களைச் சேர்ப்பது என்று திட்டமிட்டு, புதிய முறை ஒன்றை உருவாக்கி, முடிவை அலசிக் கொடுத்தவர் என்றால் அவருக்கும் ஆசிரியராக இடம் கொடுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்லும் நான்கு நிபந்தனைகள்: ஆய்வில் கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பேற்பு. முதலாவதைச் செய்துவிட்டவருக்கு மற்ற மூன்றையும் செய்ய வாய்ப்புக் கொடுப்பது உங்கள் கடமை. வரைவை அனுப்பாமலே இருந்துவிட்டு 'அவர் எழுதவில்லையே' என்பது சரியல்ல.

கேள்வி: இந்தக் கருவி, கூடம் எல்லாம் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குச் சரி. எங்களைப் போன்ற சாதாரண மக்களுக்கு இதனால் என்ன கிடைத்தது?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

ஐயா, 1986-ல் சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனிடம் முதுகலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, எய்ட்ஸ் கிருமி நம் ஊருக்கு வந்துவிட்டதா என்று தேட, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். ரத்தம் கையில் இருக்கிறது, ஆனால் சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. சீரத்தைப் பிரித்தெடுத்துத் தன் வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தார். வேலூர் சி.எம்.சி.யில் வசதி இருந்தது. டாக்டர் சாலமன் பேசி ஏற்பாடு செய்ய, நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் போட்டு இரவு ரயிலேறிக் காட்பாடி போய்ச் சேர்ந்தார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜான் தன் ஆய்வகத்தைத் திறந்துவிட்டு, உதவிக்கு இரண்டு பேரையும் கொடுத்தார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்தது அப்படித்தான். கோர் ஃபெசிலிட்டி என்ற பெயரெல்லாம் அப்போது அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை, இன்னொரு ஊர் மாணவிக்குத் தங்கள் கருவியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் ரத்த வங்கிகளில் பரிசோதனை, விழிப்புணர்வு எல்லாம் வந்தது.

2004 ஏப்ரலில் அரசு இலவச எச்.ஐ.வி. மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, யாருக்கு எப்போது மருந்து தொடங்குவது என்று சொன்னது ரத்தத்தில் உள்ள சிடி-4 செல்களின், அதாவது எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் நோயெதிர்ப்பு செல்களின், எண்ணிக்கை. அதை எண்ணியது ஃப்ளோ சைட்டோமீட்டர். இன்று ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு என்ன வகை என்று பிரித்துச் சொல்வதும், சிகிச்சைக்குப் பின் பத்தாயிரத்தில் ஒரு செல் மிச்சமிருந்தாலும் காட்டிக்கொடுப்பதும் அதே கருவிதான்.

வேலூரைப் பற்றி இன்னும் கொஞ்சம். அங்கே சி.எம்.சி.யும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து நடத்தும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ரத்தம் உறையாமல் ஒழுகும் கடுமையான ஹீமோஃபீலியா-ஏ உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து, உறையவைக்கும் காரணியின் மரபணுவை அதில் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். அதன் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. அப்படிப்பட்ட சிகிச்சையில் உடலிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் போதுமான அளவு இருக்கிறதா என்று எண்ணிச் சொல்ல ஓர் ஆள் ஓர் இருட்டறையில் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: பள்ளி மாணவர்களை இப்படிப்பட்ட இடத்துக்கு அழைத்துப் போகலாமா?
*— அறிவியல் ஆசிரியை, தருமபுரி*

தாராளமாக. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையொட்டிப் பல ஆராய்ச்சி நிறுவனங்கள் கதவைத் திறந்துவிடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் திறந்த நாளும் அநேகமாக அந்தச் சமயத்தில்தான் வரும், தருமபுரியிலிருந்து ரயிலில் போய் அன்றே திரும்பலாம். இரண்டு மாதம் முன்னாடியே எழுதிக் கேளுங்கள், ஒரு வகுப்பை முழுதாகக் கூட்டிப் போகாமல் இருபது பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள், கருவி அறைகள் சின்னவை. செல்களைத் தரம் பிரிக்கும் செல் சார்ட்டர் இருக்கிற இடமாக இருந்தால் அதன் துளி ஓட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். முடியை விட மெல்லிய ஒரு நீர்த்தாரை கீழே இறங்கும்போது நொடிக்கு ஆயிரக்கணக்கான துளிகளாக உடையும், வேண்டிய செல் இருக்கும் துளி மட்டும் மின்னேற்றம் பெற்று இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகிக் குழாயில் போய் விழும். திரையில் அதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். கேள்வி கேட்க நேரம் விடுங்கள், கருவியை ஓட்டுகிறவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.